இரண்டு 88

பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில் தமிழில் விலை கேட்டுக்கொண்டிருந்த வியாபாரி, அம்மாவின் போன் வந்ததும் தெலுங்குக்கு மாறினார்; போனை வைத்ததும் மறுபடி கொங்குத் தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 88 சதவீதத்துக்குச் சற்று மேல், தெலுங்கு ஏறக்குறைய 6. இந்துக்களும் 88-க்குப் பக்கம். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் தலா 6-ஐ ஒட்டி. இந்த இரண்டு 88-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். முஸ்லிம்களான ராவுத்தர் வீட்டில் பேசுவது தமிழ். இந்துக்களான சேலத்துத் தேவாங்க நெசவாளர் பலர் வீட்டில் கன்னடம். ஒன்றைவைத்து மற்றொன்றை ஊகிக்கவே முடியாது. அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, உங்கள் தாய்மொழியைத் தயங்காமல் சொல்லுங்கள்; தெரிந்த பிற மொழிகளைக் கேட்டால் அவற்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.