எந்த வீட்டில் இருப்பது?

65 வயதைக் கடந்தோர் இன்றியமையாத் தேவைக்கும் மருத்துவத்திற்கும் அன்றி வேறெதற்கும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மே 30 நாளிட்ட ஆணையில் அறிவுறுத்தியது. அறிவுரையில் பழுது இல்லை. கொரோனா மூத்தோரையே மிகுதியாகப் பலி கொண்டது. அவ்வாண்டு இந்நாட்டில் அந்நோயால் மாண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியோரும் அதனைக் கடந்தோரும் என்பது நலவாழ்வு அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. ஆகவே நாம் வழக்காட வந்தது அவ்வறிவுரையோடு அன்று. அதனை நம் கிராமத்து முதியோர் மதிக்கவில்லை, அறியாமையால் ஊர் சுற்றினர், தாமும் கெட்டுப் பிறரையும் கெடுத்தனர் என்று அன்று சுமத்தப்பட்டு, இன்றளவும் விசாரணையின்றி நிலைத்துவிட்ட பழியோடுதான்.

‘பெருசுங்க சொன்னா கேக்காதுங்க’ என்னும் சொல்லை அலுவலகங்களில் கேட்டோம். தேநீர்க் கடைகளில் கேட்டோம். படித்த பிள்ளைகள் தம் பெற்றோர் காதுபடவே கூறவும் கேட்டோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களை அறிந்த எவரும் இதனை எளிதில் ஒப்பமாட்டார். இங்கே வெளியே வந்த முதியவருக்கு, வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்தைக் கேட்டவர்தாம் இல்லை.

முதலில் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று எழுதியவரின் மனத்தில் இருந்த வீட்டுக்குத் தனி அறை உண்டு. சாத்திக்கொள்ளக் கதவு உண்டு. கழிப்பறையும் உள்ளேயே உண்டு. நம் ஊர்களில் முதியவரின் வீடு என்பது பல வேளைகளில் மகன் வீட்டுத் திண்ணை. அல்லது பின்புறம் இறக்கிய தாழ்வாரம். கூடமும் அடுப்படியும் மட்டுமான வீட்டில் ஆறு பேர். மகனுக்குச் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழிற்பேட்டையில் வேலை. ஆலைகள் திறந்த மறுநாளே அவன் போயாக வேண்டும். போகாவிட்டால் அடுப்பு எரியாது. நோய் அவனோடு வந்து வீட்டுக்குள் நுழைந்தது. கிழவர் வாசற்படியைத் தாண்ட வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. இருந்தும் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது வீட்டார் சொன்னது, ‘மரத்தடியில போயி ஒக்காராதன்னு எத்தினி தடவ சொன்னேன்’ என்பதே. திறந்த வெளியைவிட அடைத்த கூடமே இந்நோய்க்கு ஆபத்து மிக்க இடம் என்பதை அறிவியலார் பின்னர்த் தெளிவாக்கினர். ஆயினும் அந்த வழக்கில் மரத்தடிக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

இனி, வீட்டிலேயே இருப்பவருக்கு உண்ணச் சோறு வேண்டுமே! இங்கேதான் புதுச்சேரியின் கதை தமிழகத்தின் கதையினின்று வேறுபடுகின்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரவேண்டிய தானியத்திற்கு ஈடாக 2015 செப்டம்பர் முதல் இங்கு வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. மாநில அரசின் இலவச அரிசியையேனும் அரிசியாகவே வழங்க வேண்டும் என அமைச்சரவையும், பணமாகவே வழங்க வேண்டும் எனத் துணைநிலை ஆளுநர் மாளிகையும் மல்லுக்கு நின்றன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, 2020 பிப்ரவரியில் பணத்தின் பக்கமே முடிந்தது. மறுமாதம் ஊரடங்கு வந்தது! நியாயவிலைக் கடைகள் செயலற்றுக் கிடந்தன. மத்திய அரசு அவ்வாண்டு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி இலவசமாக ஒதுக்கியபோது, அதனைப் பங்கிடவே மாற்று ஏற்பாடு தேட வேண்டியிருந்தது.

பணம் கொடுப்பது நவீனம் என்றும், ஊழலுக்கு இடமில்லை என்றும் அறிஞர் பலர் எழுதினர். ஊழல் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் 70 வயது மூதாட்டியின் கணக்கில் இருக்கும் பணம், அவர் வங்கிக்குச் சென்று எடுத்து, கடைக்குச் சென்று கொடுத்தால் அன்றிச் சோறாகாது. வங்கி 6 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, பேருந்தும் நின்றுபோனால்? ஏடிஎம் அட்டையும் அதன் இரகசிய எண்ணும் பேரனின் கையில் இருந்தால்? தெருக்கோடியில் நடந்து சென்று வாங்கிய அரிசியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு பயணத்தை வைத்தனர். பின்னர்ப் பயணம் செய்யாதே என்றனர். வங்கி வாசலில் வெயிலில் வரிசை கட்டி நின்ற வெண்தலைகளைப் படம்பிடித்து, ‘சமூக இடைவெளியைக் காற்றில் பறக்கவிட்டனர்’ என்று செய்தி போட்டவர்கள், அவ்வரிசையை உண்டாக்கியது யார் என்று ஒரு வரி எழுதவில்லை. கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தன. நல்லது. ஆனால் அந்த நான்கரை ஆண்டுகளில் பெருந்தொற்று வந்து போயே விட்டது.

ஊரில் ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் முறையிட்டிருக்கலாம். அதுவும் இல்லை. 38 ஆண்டுகளுக்குப் பின் 2006-இல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. கொரோனா வந்த நாளில் நம் கொம்யூன்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. கொம்யூன் அலுவலகத்தில் ஆணையர் இருந்தார், ஊழியர் இருந்தனர், அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்லோம். துப்புரவுப் பணியாளர் உயிரைப் பணயம் வைத்து உழைத்ததை அறிவோம். ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனித்து உறங்குகிறாள் என்பதை அறிந்து, அறிந்தமைக்குப் பொறுப்பேற்கும் ஒருவரை ஓட்டுதான் தரும். அலுவலகம் தராது.

மருந்தின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து முதியோருள் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுள் பலர் மாதந்தோறும் ஜிப்மருக்குச் சென்று மாத்திரை வாங்கி வந்தவர்கள். 2020 மார்ச்சில் ஜிப்மரின் வெளிநோயாளர் பிரிவு நிறுத்தப்பட்டு, தொலைபேசி வழி ஆலோசனை வந்தது. தொற்றின் நடுவே அம்முடிவுக்குக் காரணம் இருந்தது; மறுக்கவில்லை. கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனை ஆயிற்று. பாகூர்ப் பக்கத்தாருக்குக் கடலூர்தான் அண்மை. ஆனால் புதுவைப் பகுதியின் நிலப்படம் ஒட்டுப்போட்ட துணி. ஓர் ஊர் நமது, அடுத்த ஊர் தமிழகத்தினது. முள்ளோடையில் தடுப்புக் கட்டை விழுந்ததும், நேற்றுவரை பக்கத்து ஊராய் இருந்தது அயல்நாடு ஆயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் பிறந்த நம் முதியோர் சிலருக்கு எல்லைக் காவல் புதிதன்று. 1954-க்கு முந்தைய நாட்களை அவர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தனர்.

அந்நாட்களில் வெயில் நேரத்தில் தனியே நடந்து வந்த ஒரு மூதாட்டியை வழியில் கண்டு, ‘ஏன் அம்மா வெளியே வந்தீர்கள்?’ என்று வினவினோம். அவர் சொன்னது: ‘மாத்திர தீந்து பன்னெண்டு நாளாச்சி சாமி. கொரோனா வந்தா சாவேனா பொழைப்பேனா தெரியாது. இது இல்லன்னா மயங்கி வுழுந்துடுவேன், அது தெரியும்.’

அறியாமை எங்கே இதில்? இரண்டு ஆபத்துகளை எடைபோட்டு, உறுதியான ஒன்றைத் தவிர்க்க, உறுதியில்லாத ஒன்றை ஏற்றுக்கொண்டார். நோய்த்தடுப்பு வல்லுநர் செய்வதும் இதுவே. வேறுபாடு என்னவெனில், வல்லுநரின் தராசில் ஒரு தட்டில் கொரோனா மட்டுமே இருந்தது. மறுதட்டு காலியாகக் கிடந்தது. பசி, மருந்தின்மை, பேச ஆளின்மை ஆகியவற்றை அதில் வைக்க அந்த அம்மாதான் வரவேண்டியிருந்தது. இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பால் சங்கத்துக்கு ஊற்றிவந்த ஒரு பெரியவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: ‘மாட்டுக்கு ஊரடங்கு தெரியுமா சாமி?’

மேலும், ஆபத்தை அறியாதவர்கள் என்று எவரைச் சொல்கிறோம்? பெரியம்மை ஒழிந்ததாக இந்தியா அறிவிக்கப்பட்டது 1977-இல். 2020-இல் 60 வயதைக் கடந்திருந்தவர் யாவரும் அம்மை வார்த்த வீட்டைக் கண்டவர்கள். வாசலில் வேப்பிலை செருகினால் அயலார் உள்ளே வரக்கூடாது. வீட்டார் வெளியூர் போகக்கூடாது. நோயாளிக்குத் தனிப் படுக்கை, தனிப் பாத்திரம். இவ்வொழுக்கத்தைப் பள்ளிக்கூடம் கற்றுத் தரவில்லை. 2004 கடற்பேரலையையும், 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து நம் தோப்புகளைச் சாய்த்த தானே புயலையும் அவர்கள் கடந்தவர்கள். பாகூர் ஏரி நிறைந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் நீர் வரும் என்று அவர்களைக் கேட்டே இளையோர் மூட்டை கட்டுகின்றனர். புயலுக்கு ஆலோசகர், கொரோனாவுக்கு மட்டும் குழந்தையா?

தடுப்பூசியைப் பற்றிய பழியும் இத்தகையதே. 2021 மார்ச் 1 முதல் 60 வயதினருக்கு ஊசி கிடைத்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் அவர் இறப்புக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து கூறியது அக்டோபரில். இடையில் ஆறு மாதங்கள்! அந்த ஆறு மாதமும் அச்சம் தெருத்தெருவாக நடந்தது. விளக்கமோ அலுவலகத்தில் அமர்ந்திருந்தது. டிசம்பரில் புதுச்சேரி அரசு 1973-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு ஊசியைக் கட்டாயமாக்கியது. அம்மாத இறுதியில் வில்லியனூரை அடுத்த கோனேரிக்குப்பத்தில் ஊசிக்கு அஞ்சி ஒருவர் மரத்தில் ஏறியதும், ஒரு பெண் சாமி வந்தவர்போல் ஆடியதும் காணொலியாக நாடெங்கும் பரவின. நாடு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஊசி நல்லது, உயிர் காத்தது, அதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் மரத்தில் ஏறுபவன் வேறு எங்கும் தன் கேள்விக்கு விடை பெறாதவன். வீடு வீடாகச் சென்று, முற்றத்தில் குந்தி, ‘எனக்கும் போட்டாச்சி ஆயா, பாரு’ என்று தன் கையைக் காட்டிய கிராமச் செவிலியர்கள் சட்டப்பிரிவு எதையும் மேற்கோள் காட்டாமலே கிழவிகளை இணங்கச் செய்தனர். அவர்களைப் படம்பிடித்தவர் இல்லை.

காய்ச்சலை மறைத்தார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஆம், மறைத்தார்கள். 2020 ஜூனில், நம் புதுவைப் பகுதியிலேயே, கொரோனாவால் இறந்த ஒருவரின் உடலைக் குழிக்குள் வீசியெறிந்த காட்சி பரவியதை அவர்களும் பேரனின் கைப்பேசியில் பார்த்தார்கள். சாவுக்கு அவர்கள் அஞ்சவில்லை. அப்படிப் போவதற்கு அஞ்சினார்கள். முதுமையில் ஒருவன் தன் விருப்பப்படி நடவாமல் பிறரால் நடத்தப்படும் நிலையைப் பற்றி ஆண்டவர் பேதுருவிடம் பேசியதை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அது வாழ்த்தாகச் சொல்லப்பட்டதன்று.

திருச்சபையினரும் இவ்விசாரணைக்குப் புறம்பானவர் அல்லர். ஆலயங்கள் மீண்டும் திறந்தபோது, ‘பெரியவர்களுக்குத்தான் இணையவழித் திருப்பலி இருக்கிறதே’ என்று வாதிட்டவர் பலர். பொத்தான் வைத்த கைப்பேசியை மட்டுமே வைத்திருப்பவருக்கு அது எங்கே இருக்கிறது? 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, ஆயர் புனித சார்லஸ் பொரோமியோவும் மக்களை வீட்டினுள் இருத்தும் ஏற்பாட்டை ஏற்றவரே. ஆனால் அவர் தெருச் சந்திகளில் பீடங்களை அமைத்தார். சன்னலைத் திறந்தால் திருப்பலி தெரிந்தது. அடைக்கப்பட்டவரிடம் பீடம் சென்றது. திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய முதியோர் உலக நாள் 2021 ஜூலையில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருநாள் பொன்னாடை போர்த்துவது எளிது.

‘இவ்வளவும் செய்யச் செலவாகும், ஆளில்லை’ என்பார்கள். முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பட்டியல், பெயரும் தெருவும் வயதுமாக, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாட்பட்ட நோயாளிகளின் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், எவர் வீட்டுக்கு அரிசியும் மூன்று மாத மாத்திரையும் போக வேண்டும் என்பது ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். கொம்யூன் தேர்தலைக் கேட்பது அரசியல் என்று ஒதுங்குவோரும் இதைக் கேட்கலாம். இதில் கட்சி இல்லை. நம் அன்பியங்களுக்கு ஆட்களும் உண்டு, மாலை நேரமும் உண்டு. அடுத்த மழைக்கு முன் தத்தம் தெருவில் சாதி மதம் பாராது ஒவ்வொரு முதியவரிடமும் சென்று, அறிவுரை எதுவும் சொல்லாமல், கேட்டு மட்டும் வரட்டும்: வெளியே போக முடியாத நாள் வந்தால் உங்களுக்கு எது எது வீட்டுக்கு வரவேண்டும், யார் கொண்டுவந்தால் கதவைத் திறப்பீர்கள்? இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். அதற்கு மகனின் பெயரைச் சொல்லாதவர் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொண்டு வரட்டும்.