உடைபட்ட பூட்டும் ஊரார் பெயரும்

களவு தீது என்பது பாலரும் அறிந்த நீதி. ஆனால், களவாடப்பட்ட பொருள் பொன்னன்று, ஓர் உண்மை என்றால் நாம் யாது சொல்வோம்? தோட்டக் கந்தோரின் பேரேட்டிலே தொழிலாளியின் நாட்கூலி குறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அந்த ஏட்டை ஒருவன் இரவோடிரவாகத் திறந்து, விடிவதற்குள் ஊரறியச் செய்துவிடுகிறான். அவன் கள்வனா, காவலனா? எந்தத் தேநீர்க் கடையில் இவ்வினாவை எழுப்பினாலும் கணப்பொழுதில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும்.

இன்று அந்த ஏடு கணினிக்குள் புகுந்துவிட்டது. பூட்டு கடவுச்சொல்லாக மாறிவிட்டது. பிறருடைய கணினிக்குள் அனுமதியின்றிப் புகுந்து, அங்குள்ளவற்றை அள்ளி உலகின் முன் கொட்டுவோரை இளைஞர் பலர் வீரர் என்று கொண்டாடுகின்றனர். பெரியோர் பலர் சிறைக்குரியவர் என்று சினக்கின்றனர். இரு சாராரும் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவரை நினைவூட்டுவதே இவ்வாரம் நாம் எழுதப் புகுந்ததன் நோக்கம்.

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. கொழும்புக் காலிமுகத்திடலிலே இளைஞர் திரண்டு நின்று ஆட்சியாளரை வெளியேறச் சொல்லிக் குரல் எழுப்பினர். அவ்வேளையிலே 'அனோனிமஸ்' என்னும் பெயரைப் பூண்ட சிலர் இலங்கை மக்களுக்குத் துணை நிற்பதாக இணையத்தில் அறிவித்தனர். அனோனிமஸ் என்பது தலைவரும் உறுப்பினர் பட்டியலும் இல்லாத, முகமூடியைச் சின்னமாகக் கொண்ட உலகளாவிய கூட்டம். அம்மாதம் 20 ஆம் திகதி இலங்கை மின்சார சபை, பொலிஸ் திணைக்களம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஆகியவற்றின் வலைத்தளங்கள் தாக்கப்பட்டு முடங்கின. எண்ணற்ற கணினிகளிலிருந்து ஒரே வேளையில் ஒரு தளத்தின் வாயிலில் மொய்த்து, எவரும் உள்ளே நுழைய இயலாதபடி செய்வது இத்தாக்குதலின் முறை. அதனைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தோர் பலர் என்பதை நாம் அறிவோம்.

ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. மாணவரை உயர்கல்வி நிறுவனங்களோடு இணைத்துவைக்கும் 'ஸ்ரீலங்கா ஸ்கொலர்' என்ற தனியார் தளத்திலிருந்து ஆயிரக்கணக்கான பயனர் பெயர்களையும், கடவுச்சொற்களையும், மின்னஞ்சல் முகவரிகளையும் எடுத்து வெளியிட்டனர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதிவு செய்த முகவர்களின் விபரங்களும் இவ்வாறே வெளியாயின. மேற்படிப்புக்கு வழி தேடித் தன் பெயரைப் பதிந்த மாணவி நாட்டின் கருவூலத்தைக் காலி செய்தவளா? எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களுள் அவளும் ஒருத்தியன்றோ? யாருக்காகப் போர் தொடுத்தார்களோ அவர்களையே அம்பு தைத்தது.

ஒரு கடவுச்சொல்தானே, அதனால் என்ன கேடு என்று எண்ணுவோர் இருக்கலாம். நம்மவருள் எத்தனை பேர் மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் முகநூலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றனர்! வீட்டுக்கும் பெட்டகத்துக்கும் ஒரே திறவுகோலை வைத்திருப்பவரின் திறவுகோல் சந்தியில் கிடந்தால் என்ன நேரும்? ஆகவே பூட்டை உடைத்தவன், பூட்டுக்குரியவன் என்னும் இருவரோடு வழக்கு முடிவதில்லை. உள்ளே பெயரெழுதப்பட்டிருப்பவர் மூன்றாமவர். அவருடைய சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. அவரே நாம் மறந்துவிடும் மனிதர்.

மறைத்து வைத்ததை வெளிப்படுத்தும் அறம் நம் மலையகத்துக்குப் புதிதன்று. அயலார் தோட்டத்துக்குள் காலடி வைப்பதே அத்துமீறல் என்று துரைமார் வேலி கட்டியிருந்த காலத்திலே, கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளர் படும் பாட்டை நேரில் அறிந்தார் என்பர். பின்னர் அவர் 'தேசபக்தன்' பத்திரிகை வாயிலாகவும் சட்டசபை வாயிலாகவும் தோட்டத்துத் துயரை வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். துரைமாரின் நோக்கில் அவர் சென்றது குற்றம். ஆனால் அவர் வெளியே கொண்டுவந்தது தொழிலாளியின் பெயரையன்று, தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட தீங்கை.

1937 ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்ச்சி. மடுல்கலைப் பகுதித் தோட்டத்தில் துரைத்தனம் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளரோடு நெருங்கிப் பழகியமையால் வேலையை இழந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்திலே தோட்டங்களின் நிலையைத் துரைமார் நாணும்படி எடுத்துரைத்தார். தோட்டத் துரைமார் கொதித்தெழுந்தனர். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். சிலநாள் தலைமறைவாயிருந்த பிரேஸ்கேர்டில், மே 5 ஆம் திகதி காலிமுகத்திடலிலே பெருங்கூட்டத்தின் முன் தோன்றினார். மே 18 ஆம் திகதி உயர்நீதிமன்றம் அந்த ஆணை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், அவர் சொன்னது பொய்யா மெய்யா என்று ஆராய்வதிலும் சொன்னவரை அப்புறப்படுத்துவதிலேயே அதிகாரம் முனைந்தது. இக்குணம் இன்றும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கணினி யுகத்திலும் இந்த அறத்தைக் காத்து நடப்பது இயலும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'பண்டோரா ஆவணங்கள்' வெளியாயின. செல்வர் பலர் வெளிநாடுகளில் இரகசியமாக வைத்திருந்த கம்பனிகளையும் சொத்துக்களையும் பற்றிய 1 கோடியே 19 இலட்சம் கோப்புகள் அவை. இலங்கையின் முன்னாள் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷ, அவர் கணவர் திருக்குமார் நடேசன் ஆகியோரின் பெயர்களும் அவற்றில் இடம்பெற்றன. தாம் தவறேதும் செய்யவில்லை என நடேசன் மறுத்தார். விசாரணை நடத்துமாறு ஜனாதிபதி பணித்தார். அக்கோப்புகள் பத்திரிகையாளர் கைக்கு வந்தவிதம் எதுவாயினும், அவர்கள் அனைத்தையும் தெருவில் கொட்டிவிடவில்லை. 600 க்கு மேற்பட்ட பத்திரிகையாளர் பல மாதம் சலித்து, உண்மை பார்த்து, சம்பந்தப்பட்டோரிடம் விளக்கம் கேட்டு, பொதுநலனுக்கு வேண்டியதை மட்டும் வெளியிட்டனர். கல்லையும் உமியையும் புடைத்தெடுத்த பின்னரே அரிசி உலைக்குப் போகிறது. உண்மைக்கும் அப்படி ஒரு சுளகு வேண்டும்.

முகமூடி அணிவதே கோழைத்தனம் என்று சிலர் சொல்வர். நாம் அதனை முற்றாக ஒப்பவில்லை. தோட்டக் கந்தோரில் எழுதுவினைஞராயிருக்கும் ஒருவர், சேமலாப நிதிக் கணக்கிலே மோசடி காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாய் திறந்தால் வேலை மட்டுமா போகும்? அவர் குடியிருக்கும் வீடும் தோட்டத்துக்குரியது. வேலை போன மறுநாள் பிள்ளை குட்டிகளோடு எங்கே செல்வார்? அத்தகையவர் பெயரை மறைப்பது தற்காப்பு. ஆனால் எளியவரின் கவசத்தை, எவருக்கும் பொறுப்புக் கூறாதவன் விளையாட்டாக அணிவது முறையன்று.

விளையாட்டு என்றவுடன் நம் மாணவரின் நினைவு வருகிறது. 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜனாதிபதியின் அதிகாரபூர்வ வலைத்தளத்துக்குள் எவரோ புகுந்து ஓர் அறிவிப்பை எழுதிவைத்தனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டுக் காலமாகிய ஏப்ரலில் நடத்தும் முடிவை மாற்றுக. நாட்டின் வலைத்தளங்களைப் பாதுகாக்கப் பழகுக என்பன அதிலிருந்த கோரிக்கைகளுள் இரண்டு. சில நாட்களில் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன் கைதானான். அவன் கேட்டவை நியாயமற்றவை அல்ல. எனினும், 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் உள்ளே புகுந்தவனின் நோக்கம் நல்லதென்பதற்காக அவனை விட்டுவிடுவதில்லை. கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தால்தான் உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்ற எண்ணத்தை ஒரு சிறுவனுக்கு ஊட்டிய சமுதாயம், அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முழு நீதியாகாது.

இனி, பூட்டுக்குரியோரின் கடமையைப் பார்ப்போம். கம்பனிகளும் அரச நிறுவனங்களும் நம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு வாங்குகின்றன. வாங்கியவை அவர்களின் உடைமையல்ல; அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருள் களவு போனால், ஒப்படைத்தவரிடம் முதலில் ஓடிச்சென்று சொல்வதே நேர்மை. நடப்பதோ பெரும்பாலும் வேறு.

ஊபர் என்னும் வாடகை வாகனக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். 2016 ஆம் ஆண்டில் அதன் வாடிக்கையாளர், சாரதிகள் ஆகிய 5 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் திருடப்பட்டன. கம்பனி செய்தது என்ன? திருடியவர்களுக்கே 1 இலட்சம் டொலர் கொடுத்து வாயடைத்தது. ஓராண்டு கழித்தே உலகம் இதனை அறிந்தது. அதன் பாதுகாப்புத் தலைவராயிருந்தவரை 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்குச் சென்ற நம் உறவினரைத் தொடும் செய்தி மற்றொன்று. அங்கே அவர்களின் அன்றாட வாழ்வு ஆதார் அட்டையோடு பிணைந்துள்ளது. 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் சண்டிகரின் 'டிரிபியூன்' நாளிதழ் நிருபர் ரச்னா கைரா, 500 ரூபா கொடுத்தால் பத்தே நிமிடத்தில் கோடிக்கணக்கானோரின் ஆதார் விபரங்களைக் காணும் வழி கிடைக்கிறது என்று தாமே வாங்கிக் காட்டி எழுதினார். ஆதார் ஆணையம் கசிவை மறுத்து, நிருபரின் பெயரையும் சேர்த்துப் பொலிஸில் முறையிட்டது. பத்திரிகையுலகம் கண்டித்தது. ஆயினும் ஒரு வாரத்துக்குள், ஆதார் எண்ணைக் காட்டாமல் மாற்றெண் ஒன்றைப் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டை அதே ஆணையம் அறிவித்தது. குறையே இல்லையென்றால் பரிகாரம் எதற்கு? நாவலப்பிட்டியில் பேசியவரை நாடு கடத்த முனைந்த அதே குணந்தான், எண்பது ஆண்டு கழித்து வேறு உடையில் வந்து நின்றது.

நம் நாட்டிலும் கதவு திறந்தே கிடந்ததுண்டு. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் தீநிரல் ஒன்றால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரியவை, அழிந்தன. பழைய மென்பொருளை மாற்றாமலே வைத்திருந்தனர். அக்காலத்துக்குரிய மறுபிரதியும் எடுத்து வைக்கவில்லை. 2022 ஆம் ஆண்டிலேயே தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் உறங்கும் வீட்டில் கள்வன் விழித்திருப்பான்.

அப்படியாயின் அநீதி கண்ட இளைஞன் வாளாவிருப்பதா என்று கேட்கலாம். இல்லை. 2017 பெப்ரவரி முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, பெருந்தோட்ட வீடமைப்புக்கு வந்த நிதி எங்கே என்று எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல அதிகாரி கடமைப்பட்டவர். மறுத்தால் மேன்முறையீடும் ஆணைக்குழுவும் உண்டு. அச்சட்டப்படி கொடுக்கத்தக்க தகவலை வெளியிட்ட அரச ஊழியரைத் தண்டிக்கவும் இயலாது. இக்கதவு மெல்லத் திறக்கும் கதவு. எனினும் இதன் வழியே வரும் உண்மை எவருடைய மகளின் கடவுச்சொல்லையும் மிதித்துக்கொண்டு வருவதில்லை.

வீட்டிலுள்ளோர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கசிந்த பட்டியல் ஒன்று கைத்தொலைபேசிக்கு வந்தால், வேடிக்கைக்காக அதனை மற்றவருக்கு அனுப்பாதிருப்போமாக. முறையற்று எடுக்கப்பட்ட தரவென அறிந்தும் அதனைப் பெற்று வைத்திருப்பதும் கைமாற்றுவதும் சட்டப்படியே குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது பண்பன்று. நம் பெயர் அப்பட்டியலில் இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுவோம். விபரத்தைப் பெற்ற நிறுவனத்திடம் விளக்கம் கேட்போம்.

இறுதியாக மாணவருக்கு ஒரு சொல். மறைவாயிருந்ததை ஒருவர் வெளியிட்டார் என்று கேட்டால், அவர் வீரரா துட்டரா என்று உடனே தீர்ப்புச் சொல்லவேண்டாம். வெளியே வந்தது வலியவனின் கணக்கா, எளியவளின் பெயரா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அந்நிறுவனம் சொன்னவனைத் தேடி ஓடியதா, இழந்தவளைத் தேடி ஓடியதா என்று பாருங்கள். இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்தபின் தீர்ப்புச் சொல்வது கடினமன்று.