கூலிப்படை என்று யாரைச் சொல்கிறோம்?

தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கொலை விழுந்தால், ‘கூலிப்படை வெறிச்செயல்’ என்று செய்தி வந்துவிடுகிறது. பணத்துக்கு அரிவாள் எடுத்தவனை அப்படி அழைக்க யாரும் தயங்குவதில்லை. ஆனால் ஓர் அரசிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அடுத்தவர் மண்ணில் போர் நடத்துகிறவனுக்கு மரியாதையான பெயர்கள் இருக்கின்றன: பயிற்சியாளர், ஆலோசகர், பாதுகாப்பு நிறுவனம்.

ஆப்பிரிக்காவில் இந்தப் பெயர்மாற்றம் கண்ணெதிரே நடந்தது. 1964இல் காங்கோவில் சண்டையிட்ட மைக் ஹோர், தன் நூலின் தலைப்பிலேயே தன்னைக் கூலிப்படையாள் என்று போட்டுக்கொண்டார். 1995இல் சியரா லியோனுக்குள் நுழைந்த ‘எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ்’ ஒரு கம்பெனி. பிறகு வந்த வாக்னர், ரஷ்ய அரசின் நிழல். மாலியின் மூரா ஊரில் 2022 மார்ச்சில் அந்நாட்டு ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் நடத்திய தாக்குதலில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டனர்; 58 பெண்களும் சிறுமிகளும் பாலியல் வன்முறைக்கு உள்ளாயினர் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம்.

நமக்கும் இது தூரத்துக் கதையல்ல. பிரிட்டனின் ‘கீனி மீனி சர்வீசஸ்’ 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் ஆட்கள் ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். அந்த அதிரடிப்படைதான் 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலையைச் செய்தது. லண்டன் காவல்துறை அந்த நிறுவனத்தினர் மீது போர்க்குற்ற விசாரணை நடத்துவது தெரியவந்தது 2020இல்.

சட்டமும் அவர்கள் பக்கம். 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறைப்படி ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவர் கூலிப்படையாள். நேரடியாகச் சண்டையில் இறங்காத பயிற்சியாளர் தப்பிவிடுவார். வன்முறைக்கு ஆளான பெண் யார் மீது புகார் கொடுப்பாள்? ‘அவன் எங்கள் சிப்பாய் இல்லை’ என்கிறது அரசு. ‘நாங்கள் கற்றுக்கொடுத்தோம், அவ்வளவுதான்’ என்கிறது கம்பெனி.

2012இல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி தரப்பட்டபோது தமிழ்நாடு கொதித்தது. அவர்கள் எலகங்காவுக்கு மாற்றப்பட்டார்கள். கொல்லக் கற்றுக்கொடுப்பவனுக்கும் கொலையில் பங்குண்டு என்பதுதானே அந்தக் கோபத்தின் பொருள்? அந்த நியாயத்தை மாநில எல்லையோடு நிறுத்த முடியாது. கோட்டும் ஒப்பந்தத் தாளும் இருப்பதால் கூலி, சம்பளமாகிவிடாது. பெண்களே, அவர்களை அவர்கள் பெயரால் அழைப்போம்: கூலிப்படை.