அப்பா மீனின் பட்டினி

"எங்கள் கடல் மீன் தொட்டியில் இரண்டே மீன்கள். வெள்ளி நிறம், கறுப்புப் பட்டை. அவற்றில் ஒன்று பத்து நாளாக ஆகாரம் எடுக்கவில்லை. போட்டதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. தாடை வீங்கித் தொங்குகிறது. மீன் கடையில் சொன்னேன். ஒரு மருந்தைக் கொடுத்து, தினம் பத்துச் சொட்டு விடச் சொன்னார்கள். இன்னும் விடவில்லை. விடலாமா?"

இப்படி ஒரு சகோதரி எழுதி, கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறார். போட்டோவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடாதீர்கள், அம்மா! அந்தப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வையுங்கள். உங்கள் மீனுக்கு வியாதி ஒன்றும் இல்லை. அதன் வாய் நிறைய முட்டை இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, நீங்கள் பெண் என்று நினைத்துக் கொண்டிருக்கும் அந்த மீன் ஆண்!

இந்த மீனுக்குப் பங்காய் கார்டினல் என்று பெயர். மாங்காய், தேங்காய் தெரியும், இதென்ன பங்காய் என்று கேட்காதீர்கள். இந்தோனேஷியாவில் சுலாவெசி தீவுக்குக் கிழக்கே பங்காய் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ கடல்கள் இருந்தும் இந்த மீனுக்குச் சொந்த ஊர் அந்தத் தீவுகளின் ஓரம்தான். ஸ்வீடன் தேசத்து வால்டர் கௌடர்ன் என்பவர் 1920-ல் இதைச் சேகரித்தார். 1933-ல் கூமன்ஸ் என்ற விஞ்ஞானி அவர் பெயரையே இதற்கு வைத்தார். பிறகு அறுபது வருஷம் எல்லோரும் இதை மறந்தே போனார்கள். 1994-ல் ஜெரால்டு ஆலன் என்ற மீன் நிபுணர் மறுபடியும் கண்டுபிடித்து எழுதினார். அவ்வளவுதான், உலகத்தில் அழகான தொட்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இது வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. மூன்றங்குல மீன்தான். ஆனால் வெள்ளித் தகட்டில் மையால் கோடு இழுத்து, ஓரமெல்லாம் முத்துப் பொட்டு வைத்ததுபோல இருக்கும். வாலும் துடுப்பும் நீள நீளமாக, தாவணி பறப்பது மாதிரி.

வாய்க்குள் முட்டை வைத்துக் காப்பது நமக்கு முற்றிலும் புதிய செய்தி அல்ல. ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை இருக்கிறதே, 1952-ல் பாங்காக்கிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மீன், அது வாயில்தான் குஞ்சு பொரிக்கும். ஆனால் அங்கே சுமப்பவள் தாயார். மீன் வாங்கும் வீடுகளில் கடல் கெளுத்தியை அரியும்போது சில சமயம் அதன் வாய்க்குள் கோலிக்குண்டு மாதிரி முட்டைகள் உருண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது தகப்பன் கெளுத்தி. பங்காய் மீனும் கெளுத்தியின் கட்சி.

பெண் மீன்தான் முதலில் வலிய வரும். ஆணின் பக்கத்தில் வந்து நின்று உடம்பைச் சிலிர்த்து நடுங்கும். இரண்டும் தொட்டியில் ஒரு மூலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு மற்ற மீன்களை அண்ட விடாது. சில மணி நேரமோ சில நாளோ இந்தச் சம்பிரதாயம் நடக்கும். பிறகு பெண் ஒரு கொத்து முட்டை இடுகிறது. ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் வரை, மெல்லிய நூலால் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். நாற்பதோ ஐம்பதோ இருக்கலாம். அந்தக் கொத்தைச் சில வினாடிகளில் ஆண் அப்படியே வாயில் வாங்கிக்கொண்டு விடுகிறது. கண்ணை இமைத்தால் நாம் பார்க்கத் தவறிவிடுவோம். இதிலும் பெண் மீன் கணக்குப் பார்க்கிறாள்: பெரிய உருவமுள்ள ஆணுக்குப் பெரிய முட்டையாகவே இடுகிறாள் என்று நிக்லாஸ் கோல்ம் என்ற விஞ்ஞானி 2001-ல் கண்டு எழுதியிருக்கிறார். வாய் பெரிய மாப்பிள்ளைக்குக் கெட்டிச் சீர்!

அதற்கப்புறம் ஆணுக்குச் சாப்பாடு கிடையாது. முட்டை பொரிய ஏறக்குறைய இருபது நாள். பொரிந்த குஞ்சுகளை மேலும் ஏழு முதல் பத்து நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். ஆக ஒரு மாதம் முழுப் பட்டினி. அவ்வப்போது வாயைச் சற்றே திறந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுள்ள ஜலம் போக வேண்டுமே! கடைசி வாரத்தில் அப்படித் திறக்கும்போது உற்றுப் பார்த்தால் உள்ளே வெள்ளிப் பொட்டுகளாகக் குஞ்சுகளின் கண்கள் மின்னும். ஒரு மாதம் வாயைத் திறக்காத கணவர் எங்கள் வீட்டுக்கும் கிடைப்பாரா என்று கேட்கும் வாசகிகளுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் பதினேழு பதினெட்டு நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை உண்டு. செய்யக் கூடாதவை அதைவிட அதிகம். தொட்டியில் கை விட்டுத் துழாவாதீர்கள். பாறைகளை இடம் மாற்றாதீர்கள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் பயந்தால் முட்டையைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். முதல் தடவை தகப்பனாகும் மீன்கள் பாதியில் விழுங்கிவிடுவது சகஜம். அப்படி நடந்தால் வருத்தப்படாதீர்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பொறுப்பு வந்துவிடும்.

முட்டை வாங்கி இருபது நாள் ஆனதும் தகப்பனை வேறு சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். வலை வேண்டவே வேண்டாம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை ஜலத்துக்குள் அமிழ்த்தி, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டி, ஜலத்தோடு தூக்குங்கள். சிறிய தொட்டி முப்பது நாற்பது லிட்டர் பிடித்தால் போதும். பெரிய தொட்டியின் ஜலத்தையே அதில் நிரப்புங்கள். உறிஞ்சி இழுக்கும் பம்பு வைக்காமல், காற்றில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் பம்புக்குள் போய்விடும்.

அந்தத் தொட்டியில் ஒரு முள் வீடும் வேண்டும். கடலில் இந்தக் குஞ்சுகள் கடல் முள்ளெலியின் நீண்ட கறுப்பு முட்களுக்கு நடுவில்தான் வாழும். ஊசி குத்திய பந்து மாதிரி இருக்குமே, அந்தப் பிராணி. உயிருள்ள முள்ளெலியை வாங்கிப் பராமரிப்பது தனித் தொல்லை. எலெக்ட்ரீஷியன்கள் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவார்களே, கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, அதில் இருபது முப்பது வாங்கி, துளையுள்ள பிளாஸ்டிக் மூடி ஒன்றில் செருகி, நிமிர்ந்து நிற்கச் செய்யுங்கள். குஞ்சுகளுக்கு அது பிளாஸ்டிக் என்று தெரியாது. துப்பிய மாத்திரத்தில் ஓடிப்போய் அதற்குள் நின்றுகொள்ளும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், ஒரு மாதம் பட்டினி கிடந்து காத்த தகப்பனே, வெளியே வந்த குஞ்சைப் பசியில் தின்றுவிடும்! தாயாரும் தின்பாள். கடைசிக் குஞ்சையும் துப்பிவிட்டது என்று தெரிந்ததும் தகப்பனைப் பழைய தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு முதல் இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகவே ஆகாரம் கொடுங்கள். இளைத்துப் போயிருக்கும். நடுவில் ஒரு தடுப்பு வைத்துப் பெண்ணை மூன்று நான்கு வாரம் பிரித்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் சில நாளிலேயே அடுத்த கொத்து தயாராகிவிடும். சாப்பிடாமலே மறுபடி சுமந்து, மறுபடி சுமந்து, ஆண் செத்தே போகும்.

குஞ்சு பிறக்கும்போது பச்சரிசி நீளம் இருக்கும். ஆனால் சின்ன அளவில் முழு மீன்: பட்டை உண்டு, துடுப்பு உண்டு, அன்றைக்கே இரை தேடும். கடல் மீன்களில் இது அபூர்வம். மற்ற மீன்களின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பிறந்து, வாரக்கணக்கில் அலையில் மிதந்து வளரும். வீட்டில் அதற்கு இரை கொடுத்து மாளாது. கார்டினல் ஜாதியிலேயே மற்றவை வாயில் முட்டையைக் காத்தாலும், பொரிந்தவுடன் தூசிக் குஞ்சாகக் கடலில் விட்டுவிடும். பங்காய் மீன் ஒன்றுதான் வளர்த்து ஆளாக்கி அனுப்புகிறது. அதனால்தான் அதிக அனுபவமில்லாத குடும்பமும் இதை வீட்டில் பெருக்க முடிகிறது.

இரைக்கு ஆர்டீமியா என்ற உப்பு நீர் இறாலின் முட்டை டப்பாவில் விற்கிறது. உப்பு நீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரே நாளில் பொரியும். தினம் இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். ஆனால் பொரித்ததை அப்படியே கொடுத்து வந்தால், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு விபரீதம் நடக்கும். இரவில் விளக்கைப் பட்டென்று போடுவீர்கள், அல்லது மூடி கையிலிருந்து நழுவும். கொழுகொழுவென்று இருந்த குஞ்சுகள் சுழன்று சுழன்று அடித்து, அடியில் விழுந்து, செத்துப் போகும். பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கிவிடும். பயத்தால் செத்தது போல இருக்கும். உண்மையில் குறை ஆகாரத்தில் இருக்கிறது. மீன் எண்ணெயில் உள்ள ஒருவகைக் கொழுப்புச் சத்து அந்த இறால் குஞ்சில் போதாது. அதற்கென்று விற்கும் மீன் எண்ணெய்க் கலவையை, பொரிந்து ஒரு நாள் ஆன இறால் குஞ்சுகள் இருக்கும் நீரில் சில சொட்டு விட்டு, பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடிகட்டிக் கொடுங்கள். தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இந்த இரண்டையும் செய்தவர்கள் வீட்டில் குஞ்சுகள் பிழைக்கின்றன.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் விற்கிறதே என்பீர்கள். கடையில் விற்றதால்தான் வந்தது வினை. குஞ்சைத் தூரத்துக்கு அனுப்பாமல் வாசலிலேயே இறக்கிவிடுகிற மீன் இது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு தீவுகளின் மீன்களுக்குள்ளேயே ரத்தம் வேறு என்று பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அத்தனையையும் பிடித்துவிட்டால் பக்கத்துத் தீவிலிருந்து புதிதாக வந்து சேர்வது மிக அரிது. 2001 வாக்கில் வருஷத்துக்கு ஆறு, ஏழு லட்சம் மீன்களைப் பிடித்தார்கள். மொத்தமே 24 லட்சம் போலத்தான் இருக்கும் என்பது அந்தச் சமயத்து மதிப்பு. பிடித்தவற்றில் பல கடைக்கு வந்து சேரும் முன்பே செத்தன. ஒரு வைரஸ் நோயும் சேர்ந்துகொண்டது. 2007-ல் அழியும் ஆபத்திலுள்ள ஜீவன்களின் உலகப் பட்டியலில் இதன் பெயர் ஏறியது. எந்தக் குணத்தால் நம் வீட்டுக் கூடத்தில் பெருகுகிறதோ, அதே குணத்தால் சொந்தக் கடலில் குறைந்து போகிறது, பாவம். 2010-களில் தாய்லாந்துப் பண்ணைகள் இதைப் பெருமளவில் வளர்த்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியது ஓர் ஆறுதல்.

இதைப் படித்துவிட்டு உடனே மீன் வாங்கப் புறப்படும் சகோதரிகள் சற்று நில்லுங்கள். முதலில் நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். சமையல் உப்பு உதவாது. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், ஃபில்டரை ஓட விட்டு நான்கைந்து வாரம் காத்திருக்க வேண்டும். அழுக்கைத் தின்னும் கிருமிகள் அதற்குள்தான் வளரும். 26, 27 டிகிரி சூடு உகந்தது. நம் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து மேலே ஒரு சிறு மின்விசிறி வைக்க வேண்டியிருக்கும். கரண்டு போனால் ஓட ஒரு பாட்டரிப் பம்பும் கட்டாயம். இதற்கெல்லாம் சிரமப்பட முடியாதவர்களுக்கு நல்ல தண்ணீர் மீன்களே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வாங்குவதானால் வளர்ந்த மீன் இரண்டு வாங்காதீர்கள். இரண்டும் ஆணாக இருந்தால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்து ஆண் பெண் சொல்வது நிபுணர்களுக்கே கஷ்டம். சின்னதாக ஐந்தாறு வாங்குங்கள். வளர்ந்ததும் இரண்டு தானாக ஜோடி சேர்ந்து மற்றவற்றைத் துரத்தும். அப்போது மற்றவற்றை எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். தொட்டியில் பிறந்தது என்றால் உங்கள் கண்ணெதிரிலேயே ஒரு சிட்டிகை இரை போடச் சொல்லுங்கள். தொட்டியில் பிறந்த மீன் மேலே வந்து வாங்கித் தின்னும். மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனை, என்ன விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.