தனித்திருப்போம், தளராதிருப்போம்

மட்டாஞ்சேரி பஜார் வீதியில் பட்டப்பகலில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு காலம் வரும் என்று 2020ஆம் ஆண்டுக்கு முன் யாராவது கூறியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். ஆனால் அதுவும் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி திருச்சூரில் கண்டறியப்பட்டார். மார்ச் 11ஆம் தேதி இது உலகைப் பிடித்த பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 24ஆம் தேதி கேரளமும், மறுநாள் நாடு முழுவதும் கதவடைத்துக் கொண்டன. 28ஆம் தேதி கேரளத்தின் முதல் கோவிட் மரணம் களமசேரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நேர்ந்தது. இறந்தவர் நம் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த முதியவர். எங்கோ நடப்பதாக நாம் எண்ணியிருந்தது நம் தெருவுக்கே வந்துவிட்டது.

கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக 2023 மே 5ஆம் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டது. பிறகு ஏன் இந்தப் பழைய கதை என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் வாழ்வது கேரளத்தில். 2018இல் கோழிக்கோட்டில் தலைகாட்டிய நிபா, 2019இல் நம் எர்ணாகுளம் மாவட்டத்துக்கே வந்தது. 2021, 2023, 2024 ஆண்டுகளில் மீண்டும் வடக்கே வந்தது. ஒவ்வொரு முறையும் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்கள் 21 நாட்கள் தனித்திருக்க நேர்ந்தது. துறைமுகமும் விமான நிலையமும் உள்ள ஊர் இது. அடுத்த தொற்று வரும்போது எப்படி நடந்துகொள்வது என்பதை ஆபத்து இல்லாத வேளையிலேயே யோசித்து வைப்பதுதான் விவேகம்.

தனித்திருத்தல் தமிழனுக்குப் புதியதல்ல. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியதும் வெளியார் உள்ளே வருவதில்லை, உள்ளிருப்போர் விசேஷங்களுக்குச் செல்வதில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்த நம் முன்னோர்களும் இதை அறிவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டுத்தான் கப்பலேறினார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றே பெயர். மலாயா சென்றவர்களைப் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் இறக்கிவைத்துப் பரிசோதித்தார்கள். அதைத் தாண்டித்தான் அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டும். ‘காற்றோட்டமான தனி அறையில், தனிக் குளியலறையோடு இருங்கள்’ என்பது டாக்டர்கள் கூறும் யோசனை. பங்களாவில் வசிப்பவருக்கு அது எளிது. கிட்டங்கியின் மாடியில் ஆறு பேர் பாய் விரிக்கும் அறையில் தனி அறைக்கு எங்கே போவது? ஆகவே நம் நிலைக்கு ஏற்ற வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டவரின் பாயை ஜன்னலோரம் போட வேண்டும். காற்றின் வழியே பரவும் நோய்க்குத் திறந்த ஜன்னல் பெரிய தடை. குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து அதைச் சாத்தாமல் கொசுவலை கட்டிக்கொள்ளலாம். நோயாளியும் மற்றவர்களும் முகக்கவசம் அணிய வேண்டும். கழிப்பிடத்துக்கு நோயாளி கடைசியாகச் செல்வதென்று முறை வைத்துக்கொள்ளலாம். தட்டும் தம்ளரும் துண்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். வயதானவரோ சர்க்கரை வியாதி உள்ளவரோ அந்த அறையில் இருந்தால், அவரை முதல் நாளே வேறிடத்துக்கு மாற்றிவிடுவது அவசியம். அதற்கும் வழியில்லை என்றால் வார்டு கவுன்சிலரையோ சுகாதார ஊழியரையோ அணுகி இடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் இருப்பது என்றால் டாக்டரைப் பார்க்காமல் இருப்பது என்று பொருளல்ல. மழைக்காலத்தில் இங்கே வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். மலையாளத்தில் ‘எலிப்பனி’ எனப்படும் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தேங்கிய நீரில் நடப்பவர்களும், எலி நடமாடும் கிட்டங்கிகளில் வேலை செய்பவர்களும் விசேஷமாக உஷாராக இருக்க வேண்டும். கருவேலிப்படியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தாலுக்கா ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. யோசனை கேட்பதற்கு 1056 என்ற ‘திசா’ தொலைபேசி எண் உண்டு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவு தடுமாறுதல், உதடு நீலம் பாரித்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதம் கூடாது. கோவிட் காலத்தில், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 94க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்குச் செல்லுமாறு கூறப்பட்டது நினைவிருக்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் காய்ச்சலை மறைப்பவர்கள் உண்டு. ஏன் மறைக்கிறார்கள்? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஊருக்கு அனுப்பும் பணத்தில் அந்தத் துண்டு விழும். ஊரடங்கு நாட்களுக்கும் முழு ஊதியம் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020 மார்ச் 29ஆம் தேதி உத்தரவிட்டது. அந்த உத்தரவு மே 18ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. ஆக, உத்தரவை மட்டும் நம்பி அடுப்பு எரியாது என்பதை நாம் கண்டோம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்துள்ள குமாஸ்தாக்களுக்கும் தொழிலாளர்களுக்கும், நோயால் விடுப்பு எடுக்கும் நாட்களுக்கு 70 சதவிகித ஊதியம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, டாக்டர் சான்றிதழின் பேரில் கிடைக்கும். தம் பெயர் அதில் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்? நாளையே கேட்டுவிடுங்கள். அந்த வசதி இல்லாத தினக்கூலிகளுக்குத் தனித்திருக்கும் நாட்களில் பாதிக் கூலியாவது கொடுக்க வியாபாரிகள் முன்வர வேண்டும். காய்ச்சலோடு ஒருவர் மூட்டை தூக்க வந்தால் பத்துப் பேர் படுப்பார்கள். கடையை அடைக்க வேண்டியிருக்கும். தர்மத்துக்காக இல்லாவிட்டாலும் லாப நஷ்டக் கணக்குப் பார்த்தாவது இதைச் செய்யலாம்.

காய்ச்சலோடு ஊருக்குப் பஸ் ஏறும் பழக்கத்தையும் விட வேண்டும். உடம்பு சரியில்லாதபோது தாயின் கை ரசத்துக்கு மனம் ஏங்குவது இயல்பே. ஆனால் அந்தத் தாய்க்கு வயது எழுபது. நாம் கொண்டு செல்லும் நோயை அவரால் தாங்க முடியுமா?

உடலைக் காப்பது இவ்வாறு. மனத்தைக் காப்பதுதான் கடினம். நாள் முழுவதும் சுமை தூக்கிய உடலும், காலை முதல் இரவு வரை கணக்கு எழுதிய கையும் திடீரென்று சும்மா இருந்தால், மூன்றாம் நாளே எரிச்சல் வரும். பகலில் தூக்கமும் இரவில் கவலையும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மருந்து ஒழுங்குதான். வேலை நாளில் எழும் நேரத்திலேயே எழுந்திருக்க வேண்டும். உடம்பு இடம் கொடுத்தால் குளித்து, சவரம் செய்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் அறைக்குள்ளேயே சிறிது நடக்கலாம். குறித்த நேரத்தில் ஊருக்குப் பேசலாம், உண்மையைச் சொல்லலாம். மறைத்தால் அவர்கள் இன்னும் அதிகமாகப் பயப்படுவார்கள். குழந்தையிடம் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

செய்தியை நாளுக்கு ஒரு முறை அறிந்தால் போதும். 2020இல் முதலமைச்சர் பினராயி விஜயன் மாலை வேளையில் நிருபர்களுக்குச் சொன்ன கணக்கைக் கேட்க வீடுகள்தோறும் காத்திருந்தார்கள். அதுபோல் பொறுப்புள்ள ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, கைப்பேசியில் சுற்றும் வதந்திகளைத் தள்ளிவிட வேண்டும். மீதி நேரத்துக்கு நாம் கூறும் யோசனை, மலையாள எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. பல ஆண்டுகளாக இங்கிருந்தும் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் உண்டு. நாளுக்கு நான்கு எழுத்து என்றாலும் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். நோய் எடுத்துக்கொண்ட நாட்களிலிருந்து நாம் ஏதேனும் ஒன்றைத் திரும்பப் பெற்றதாகவும் இருக்கும்.

குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020இல் மதுக்கடைகள் திடீரென்று மூடப்பட்டபோது, கை நடுங்கி, மனம் கலங்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இதே மாநிலத்தில் உண்டு. குடியை நிறுத்தியதும் நடுக்கமோ பிதற்றலோ வந்தால் அது நோய். டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கேலி செய்வதற்கு அது நேரமல்ல. மனம் மிகவும் சோர்ந்து போகிறவர்கள் 14416 என்ற ‘டெலிமானஸ்’ எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022இல் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலும் பேச முடியும்.

கடைசியாக, அண்டை அயலாரின் கடமை. வெளி மாநிலத் தொழிலாளரை ‘அதிதி’ என்று அழைக்கும் கேரளம், 2020இல் குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு சமூக சமையற்கூடங்கள் நடத்திப் பசியாற்றியது. அது மறக்கத்தக்கதல்ல. நாமும் நமக்குள் அப்படி நடந்துகொள்ள வேண்டும். நோய் கண்டவரை அறையைக் காலி செய்யச் சொல்வது பாவம். அவர் கதவருகே சோற்றை வைத்துவிட்டு, தெருவில் நின்று ‘அண்ணே, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்கும் குரல் பாதி மருந்து. ஊரிலுள்ள முன்னுரிமை ரேஷன் அட்டையைக் கொண்டு இங்கேயே அரிசி வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. யாருக்கு அந்த அட்டை உண்டு, யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்று ஒவ்வொரு அறையிலும் ஒரு தாளில் எழுதி இப்போதே சுவரில் ஒட்டிவையுங்கள்.

பிழைப்புக்காக வீட்டைப் பிரிந்து வந்தவர்கள் நாம். தனிமை என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த முறை கதவு சாத்தப்படும்போது, உள்ளே இருப்பவர் தனியாக இல்லை என்ற தைரியத்தை வெளியே இருப்பவர்கள் கொடுத்தால், எந்தத் தொற்றையும் நாம் கடந்து விடலாம்.