பெயருக்கு மட்டும் பவானி

கூடத்தில் நல்லதொரு விரிப்பு இருந்தால் வருவோர் மனமும் குளிரும். அவ்வெண்ணத்தில்தான் எங்கள் வீட்டார் சென்ற ஆண்டு, 'அசல் பவானி ஜமுக்காளம்' என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கினர். சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறித்தன. இருமுறை துவைத்ததும் ஓரங்கள் சுருண்டன. அம்மாயி ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தியாயின் சாம்பலாகும்; இதுவோ உருகிக் கட்டியாய்த் திரண்டது!

காவிரியும் பவானி ஆறும் கூடும் பவானியில் நெய்யும் ஜமுக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட துணிவகைகளுள் ஜமுக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அப்பெயரில் விற்கிறது. முரட்டுப் பருத்தி நூலைக் குழித்தறியில் கையால் நெய்பவர் அந்த மலிவு விலைக்கு எவ்வாறு கொடுப்பார்?

விசைத்தறியை நான் பழிக்கவில்லை, தோழியரே. அதன் ஓசையைக் கேட்டுத்தானே அவிநாசி வட்டாரத்தில் உறங்குகிறோம்! நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். விசைத்தறி விரிப்பு என்றே சொல்லி விற்றால் வாங்குவோர் வாங்கட்டும். பிறர் பெயரைத் திருடுவதே குற்றம். எங்களுக்கு நட்டம் சில நூறு ரூபாய்; நெசவாளிக்கோ, 'பவானிச் சரக்கு இவ்வளவுதான்' என்னும் அவப்பெயர்.

2006 முதல் கைத்தறி முத்திரை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள் என்பார்கள். நன்று. ஆனால் வாங்குபவர் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்தலாமா? எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது என்பதை ஒவ்வொரு விரிப்பிலும் அச்சிட வேண்டும். அதிகாரிகள் கடைகளுக்கும் சென்று சோதிக்க வேண்டும்.