அணிவகுப்பின் திரைமறைவில்

சுதந்திர தின அணிவகுப்பு பெப்ரவரி 4 ஆம் நாளன்று உருவாவதில்லை. எப்படை முன்செல்லும், எம்மொழியில் கீதம் ஒலிக்கும் என்பன முன்னரே திரைமறைவில் முடிவாகின்றன.

2016 இல் காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் இசைக்கப்பட்டது. 2020 இல் சுதந்திர சதுக்கத்தில் சிங்களத்தில் மட்டுமே ஒலித்தது. இடையில் அரசியலமைப்பு மாறியதா? இல்லை, அதன் தமிழ் வாசகத்தில் கீதம் தமிழிலேயே இருக்கின்றது. ஆட்சி மாறிற்று, நிகழ்ச்சி நிரலும் மாறிற்று!

ஓரினத்தின் மொழி ஆள்வோர் விரும்பியபோது அளக்கும் பிச்சையா? படையினரின் நடை பிசகாதிருக்கப் பன்னாள் ஒத்திகை நடத்துகிறார்கள். சமத்துவத்துக்கு ஒத்திகை எங்கே?

வரியிறுக்கும் உழவரும் உத்தியோகத்தரும் ஒருமித்துக் கேட்கவேண்டியது சலுகையன்று. இருமொழியிலும் கீதம் இசைப்பதைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். அதன் பின்னரே அவ்விழா நம் விழாவுமாகும்!